"ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன்": பந்தியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் "ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்துவிடுவார். ஆள் மாறுவார், ஊர் மாறும், கேள்வி மட்டும் அதேதான். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. விலை எதையும் சொல்லவில்லை, அது மாதத்துக்கு மாதம் மாறும். நான் கடலோரத்துக்காரன் என்பதால் பதில்களில் உப்புக்காற்று கொஞ்சம் அதிகமாகவே வீசும்.

ஃபோன்லயே படம் சூப்பரா வருதே. தனியா கேமரா எதுக்குண்ணே?

வெளிச்சத்தில், பக்கத்தில், அசையாமல் நிற்பவரை எடுக்க ஃபோனே போதும். என் சாப்பாட்டு இலையை நானும் ஃபோனில்தான் எடுக்கிறேன். தூரத்தில் இருப்பதை எடுக்கும்போதும், மங்கிய வெளிச்சத்தில் அசைவதை எடுக்கும்போதும், தனி ஃப்ளாஷ் வேண்டியிருக்கும்போதும்தான் ஃபோன் திணறும். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து தாலி கட்டும் கை, மேடையில் ஆடும் மகளின் பாதம், வேடந்தாங்கல் கரையிலிருந்து தெரியும் நாரை எல்லாம் இந்த வகை.

போன ஆறு மாதத்தில் இப்படி எத்தனை படங்களைத் தவறவிட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பத்து, பதினைந்து என்றால் மேலே படியுங்கள்.

டிஎஸ்எல்ஆர் வாங்கறதா, மிரர்லெஸ் வாங்கறதா?

புதிதாக வாங்குவதென்றால் மிரர்லெஸ். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. டிஎஸ்எல்ஆரில், லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். படம் எடுக்கும் நொடியில் அது எழும்பி வழிவிடும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் பார்ப்பதையே ஒரு குட்டித் திரையில் நாமும் பார்க்கிறோம். படம் கறுக்குமா, வெளுக்குமா என்பது பட்டனை அமுக்கும் முன்பே தெரிந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய உதவி.

கையில் காசு குறைவு, பழையதுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் டிஎஸ்எல்ஆரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பேட்டரி நிறைய நேரம் தாங்கும். லென்ஸ் மாட்டும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர். கேனானின் இஎஃப் மவுண்ட் 1987-லும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-லும் வந்தவை. இத்தனை வருஷத்து லென்ஸ்கள் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

எத்தனை மெகாபிக்சல் இருந்தா நல்லது?

24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் அச்சடித்தாலே 20-க்கு 13 அங்குலம் வரும். நம் ஊர் ஆல்பத்தின் 12-க்கு 36 அங்குல விரிப்பில்கூட நாலைந்து படங்களைச் சேர்த்துத்தான் போடுகிறோம். 24 தாராளம். அதற்கு மேல் வாங்குவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் கடைக்காரருக்கு வியாபாரம்.

ஃபுல் ஃபிரேம் வெச்சிருந்தாத்தான் ப்ரொஃபஷனல்னு சொல்றாங்களே?

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், பழைய ஃபிலிமின் அதே அளவு. அதைவிடச் சின்ன வகையான ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5-க்கு 15.6, கேனானில் இன்னும் கொஞ்சம் சின்னது. பரப்பில் இரண்டேகால் மடங்குக்கு மேல் வித்தியாசம். இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஏற்றும்போது அது கண்ணுக்குத் தெரியும், பகலில் எடுத்த படத்தில் அவ்வளவாகத் தெரியாது. பாடியோடு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவோடு, செலவு முடிவதும் இல்லை. அதற்கேற்ற லென்ஸ்கள் விலையும் கூட, கனமும் கூட.

ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். லென்ஸின் எம்எம் எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், காட்சி குறுகும். ஏபிஎஸ்-சி கேமராவில் அந்த எண்ணை 1.5-ஆல் பெருக்குங்கள், கேனான் என்றால் 1.6-ஆல். ஃபுல் ஃபிரேமில் எந்த லென்ஸ் அதே காட்சியைக் காட்டுமோ அந்த எண் வரும். 50 எம்எம் லென்ஸ் 75 போலப் பார்க்கும். பறவை எடுப்பவருக்கு இது லாபம், சின்ன அறையில் குடும்பத்தை நிற்கவைத்து எடுப்பவருக்கு நஷ்டம். ப்ரொஃபஷனல் விஷயம் கேட்டீர்களே, என் சென்சார் என்ன அளவு என்று இதுவரை எந்தப் பெண் வீட்டாரும் கேட்டதில்லை. ஆல்பம் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

இவ்வளவு பணம்தான் இருக்கு சார். பாடிக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கறது?

பாடிக்குப் பாதிக்கு மேல் போகாதீர்கள். ஐந்து வருஷத்தில் பாடி பழசாகிவிடும், விலையும் சரிந்துவிடும். நல்ல லென்ஸ் மூன்று பாடிகளைப் பார்த்துவிட்டும் நின்று வேலை செய்யும். மீதிப் பாதியில் லென்ஸ் போக, இன்னொரு பேட்டரி, இரண்டு கார்டு, அப்புறம் கேமரா வைக்க ஒரு காற்றுப்புகாத டப்பா. இந்த டப்பாவைத்தான் எல்லோரும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறார்கள். முதல் பில்லிலேயே அது இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். ஏன் என்பது ஃபங்கஸ் கேள்வியில் வரும்.

கிட் லென்ஸுக்கு அடுத்து எல்லாரும் 50 எம்எம் வாங்குன்னு சொல்றாங்க. கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். கேமராவோடு சேர்த்தே வரும் 18-55 கிட் லென்ஸ் அந்த 55 முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறைய, வெளிச்சம் போகும் துளையான அபெர்ச்சர் பெரிதாகும். 50 எம்எம் எஃப் 1.8 அதைவிடப் பத்து மடங்கு அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விடும். குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே முகத்தை எடுத்துவிடலாம். விலையும் குறைவு. சொல்கிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை.

ஆனால் ஏபிஎஸ்-சியில் அது 75, 80 போலப் பார்க்கும் என்று மேலே சொன்னேன். பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு முதுகு ஒட்டினாலும் நாலு பேர் ஃபிரேமுக்குள் வரமாட்டார்கள். அதனால் ஒரு பரீட்சை. இருக்கிற கிட் லென்ஸை 35-இல் வைத்து, வளையம் நகராமல் டேப் ஒட்டி ஒரு வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 50-இல். எந்த வாரம் குறைவாக எரிச்சல் வந்ததோ அந்த லென்ஸை வாங்குங்கள். வீட்டில் குழந்தையை எடுப்பவர்கள் பெரும்பாலும் 35-இல் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸ்தான் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் 1.8 டி லென்ஸை வாங்கிவிட்டு, கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் தம்பிகள் எனக்கே மூன்று பேரைத் தெரியும்.

பறவை எடுக்க 55-250 போதுமா?

தோட்டத்துப் புல்புல்லுக்கும் மீன்கொத்திக்கும் போதும். வேடந்தாங்கலிலோ கோடியக்கரையிலோ 400 எம்எம் லென்ஸே குட்டையாகத் தெரியும். வாங்கும் முன் அந்த அளவு லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தோளில் மாட்டி நடந்து பாருங்கள். பாதிப் பேருக்கு ஆசை அன்றைக்கே அடங்கிவிடும்.

செகண்ட் ஹேண்ட் கேமரா ஒண்ணு வருது. என்னென்ன பார்க்கணும்?

முதலில் ஷட்டர் கவுண்ட், அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் அடித்தது என்ற எண். பைக்குக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிற மாதிரி. ஆரம்பநிலை பாடிகளின் ஷட்டரை ஒரு லட்சம் முறை என்ற கணக்கில் செய்கிறார்கள், உயர்ந்தவற்றில் இரண்டு லட்சமும் அதற்கு மேலும். லட்சம் தாண்டியதும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, அதற்குப் பிறகு ஓடுவது போனஸ். நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்திலேயே இந்த எண் பதிந்திருக்கும். கேனானின் பல மாடல்களில் அப்படிப் பதியாது, அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும்.

அடுத்தது லென்ஸ். இரண்டு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பளிங்கு மாதிரி இருக்கும் லென்ஸ் டார்ச்சில் உண்மையைச் சொல்லிவிடும். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. பூஞ்சணம் நூல் நூலாகக் கிளை பிரிந்திருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். வளையங்கள் மணல் அரைபடும் சத்தமில்லாமல் சுற்றவேண்டும். பாடியின் திருகு முனைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, பேட்டரி அறையிலும், மேலே ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவிலும் பச்சையாகத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோரத்துக் கேமராவைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பச்சைதான். பில்லிலும் பாடியிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கவேண்டும். பில் இல்லை, பெட்டி இல்லை, சார்ஜரும் இல்லை என்றால் அது யாருடைய கேமராவோ.

"ஐயாயிரம் கிளிக்தான் சார், வாங்கி பீரோவிலேயே வெச்சிருந்தேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பீரோ இருட்டில் பூஞ்சணம் பிடிக்கும், எனக்கு அந்தக் கேமரா வேண்டாம். எண்பதாயிரம் அடித்து ஒழுங்காக வைத்திருந்த கல்யாணக் கேமராவை நான் தைரியமாக வாங்குவேன்.

துபாய்லருந்து மாமா வாங்கிட்டு வர்றேன்னாரு. வாரண்டி இங்க செல்லுமா?

பல கம்பெனிகள் வாங்கிய நாட்டுக்குள் மட்டும்தான் வாரண்டி தருகின்றன. மாமா கிளம்பும் முன் அந்த மாடலின் வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூரிலேயே பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருபவர்களிடமும் இதே சிக்கல்தான். ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் இல்லாமல் கிடைக்கும் தள்ளுபடி, முதல் ரிப்பேரிலேயே வந்த வழி போய்விடும்.

லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி என்னமோ இருக்கு. துடைச்சா போகுமா?

போகாது. அது ஃபங்கஸ், பூஞ்சணம். ஊறுகாய் ஜாடியில் வருவதன் உறவுக்காரன். அதன் விதைத்தூள் காற்றில் எங்கும் இருக்கிறது, எந்த லென்ஸுக்குள்ளும் இருக்கும். ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்து, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் முளைத்துவிடும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். முளைத்தது சும்மாவும் இருக்காது. அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சர்வீஸ்காரர் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவார். அரித்துவிட்டால் பூஞ்சணம் போனாலும் தடம் அப்படியே நிற்கும். விளக்கை நோக்கி எடுக்கும்போது படம் புகை மூட்டியது போல வெளிறும்.

என் 70-200 லென்ஸ் போனதும் இப்படித்தான். உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும், கரண்டில் ஓடும் டிரை கேபினெட் வாங்கி வைத்திருந்தேன், அதனால் மெத்தனம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் எங்களுக்கும் நடுவே கரை ஏறியது. கரண்ட் நாள்கணக்கில் இல்லை. கூரையையும் குடிதண்ணீரையும் பார்ப்பதா, கேபினெட்டைப் பார்ப்பதா? கரண்ட் இல்லாத கேபினெட் வெறும் அலமாரிதானே. பொங்கலுக்கு லென்ஸை எடுத்து டார்ச் அடித்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல்கள். பிரித்துச் சுத்தம் செய்தும் தடம் போகவில்லை. இப்போது கேபினெட்டுக்குள்ளேயே ஒரு டப்பா சிலிகா ஜெல்லும் வைக்கிறேன்.

வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. புதிதாக முளைத்தது கொஞ்சம் அடங்கலாம், தடம் போகாது. லென்ஸை வெயிலில் வைத்துவிட்டு நகர்ந்தால் அது பூதக்கண்ணாடியாகி மேசைத்துணியைக் கொளுத்தவும் செய்யும்.

சரி, டிரை கேபினெட் வாங்க வசதியில்லை. வேற எப்படித்தான் வைக்கறது?

மூடியில் ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர், கால் கிலோ சிலிகா ஜெல். இவ்வளவுதான். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கவேண்டும். 30-க்குக் கீழே இறக்கவேண்டாம், ரப்பருக்கும் உள்ளே இருக்கும் மசகுக்கும் அது நல்லதில்லை. ஷூ பெட்டியில் வரும் இரண்டு பொட்டலம் இந்த வேலைக்குக் காணாது.

சிலிகா ஜெல் நிறம் மாறும் வகையாக இருக்கட்டும். ஈரம் குடித்ததும் நீலம் ரோஸாகும், ஆரஞ்சு பச்சையாகும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆரஞ்சையே சொல்வேன். நிறம் மாறியதும் சுமார் 110, 120 டிகிரி சூட்டில் இரண்டு மணிநேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஓவன் இல்லாதவர்கள் பழைய வாணலியில், மெல்லிய தீயில் வறுக்கலாம். அந்த வாணலியில் பிறகு சமைக்கக்கூடாது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எனக்கு இந்த வேலை இருக்கும்.

டப்பாவுக்குள் அரிசி வேண்டாம், அது தூசி. அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் போய்ப் படியும், பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. கேமராவோடு வந்த தோல் உறையையும் கேமரா பையையும் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விட, வாரம் ஒரு முறை கேமராவை எடுத்து நாலு படம் எடுங்கள். புழங்குகிற லென்ஸில் பூஞ்சணம் வருவது அபூர்வம்.

ஃபங்கஸ் பிடிச்ச லென்ஸை நல்ல லென்ஸோட வெச்சா அதுக்கும் தொத்திக்குமா?

விதைத்தூள் எங்கும் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதனால் தொற்று என்பதைவிட ஈரம்தான் பிரச்சினை. 45 சதவீதத்தில் இருக்கும் டப்பாவில் நோயாளியும் ஆரோக்கியனும் சேர்ந்தே இருக்கலாம். இருந்தாலும் நான் தனித்தனியாகத்தான் வைக்கிறேன். கொஞ்சம் பயந்த சுபாவம்.

லென்ஸைத் துடைக்க வேட்டி நுனி பரவாயில்லையா?

வேட்டியில் மண்டபத்துத் தூசி முழுக்க இருக்கும். முதலில் ரப்பர் பந்து ப்ளோயரால் ஊதுங்கள். மணல் இருக்கும்போது துடைத்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். ஊதியும் போகாத தூசிக்கு மெல்லிய பிரஷ். விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவத்தை விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்கவேண்டும். திரவத்தை நேரே லென்ஸில் ஊற்றினால் ஓரத்து இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

கல்யாணத்தில் மூன்று எதிரிகள் உண்டு. ஹோமப்புகை நெய்ப்படலமாகப் படியும், அன்றிரவே துடைத்துவிட வேண்டும். பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்கும் சின்னப் பெண்கள் கேமராவையும் வரவேற்பார்கள். அட்சதையில் இருக்கும் மஞ்சள்தூள் ஜூம் வளையத்துக்குள் புகுந்துவிடும். தாலி முடிச்சு விழுந்ததும் நான் கேமராவைக் கீழே சாய்த்து மூன்று முறை ஊதுவேன். பார்ப்பவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

யூவி ஃபில்டர் கட்டாயம் போடணும்னு கடைக்காரர் சொல்றாரே?

சென்சாருக்கு முன்னால் ஏற்கெனவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. எனவே யூவி ஃபில்டர் இப்போது வெறும் காவல்காரன். கடற்கரை, குலசை தசரா, ஜல்லிக்கட்டு என்று உப்பும் புழுதியும் பறக்கும் இடத்தில் நானும் போடுகிறேன். இரவில் கழற்றிவிடுவேன். தெருவிளக்கும் சீரியல் பல்பும் ஃபில்டரில் பட்டுத் திரும்பி, படத்தில் பச்சைப் பேய்களாக மிதக்கும். மற்ற நேரங்களில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் என்ற மறைப்பு போதும். இடித்தால் அடியை வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டு வெயிலையும் மறைக்கும். ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

காசு போட்டு ஒரு ஃபில்டர் வாங்குவதென்றால் போலரைசர் வாங்குங்கள். கோயில் குளத்து நீரின் பளபளப்பை நீக்கி உள்ளே மீன் தெரிய வைக்கும். அந்த வேலையை எந்த மென்பொருளாலும் பின்னால் செய்ய முடியாது. வெளிச்சத்தை ஒன்றிரண்டு ஸ்டாப் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்), அவ்வளவுதான்.

ஏசி ரூம்லருந்து வெளிய வந்தா லென்ஸ் மங்கிடுது. ரிப்பேரா?

குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வெளியே வியர்க்கிற கதைதான். துடைத்துப் பயனில்லை, மறுபடி வியர்க்கும். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஈரக்காற்று சென்சாரிலேயே படியும். அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட்டால் வியர்வை பையின்மேல் படியும். வெளியே அரை மணிநேரம் கழித்துத் திறங்கள். விடியற்காலைக் கடற்கரைப் படம் எடுக்க வேண்டிய அன்று நான் ஏசியே போடுவதில்லை.

வானத்துல எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல கறுப்புப் புள்ளி. கேமரா போச்சாண்ணே?

போகவில்லை, சென்சாரில் தூசி. அபெர்ச்சரை எஃப் 16-இல் வைத்து வெறும் வானத்தை எடுத்தால் எல்லாப் புள்ளியும் தெளிவாகத் தெரியும். சென்சாரில் படம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, முன்னாலிருந்து பார்க்கும்போது கீழ் இடது மூலையில் இருக்கும். மெனுவில் சென்சார் க்ளீனிங் என்பதைத் தேர்ந்து, கேமராவின் வாயைக் கீழே பார்க்கவைத்து ப்ளோயரால் ஊதுங்கள். பத்தில் எட்டு தூசி இதிலேயே விழுந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கம்ப்யூட்டர் துடைக்கும் அழுத்தக் காற்று டப்பா சில நேரம் திரவத்தையே பீய்ச்சும். ஒட்டிக்கொண்ட புள்ளிக்கு சென்சார் அகலத்துக்கேற்ற ஸ்வாப் விற்கிறார்கள். கை நடுங்கும் என்றால் சர்வீஸில் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கார்டுல யு3, வி30ன்னு என்னென்னமோ போட்டிருக்கே. எது வாங்கறது?

வி30 என்றால் நொடிக்கு 30 எம்பி வேகத்துக்குக் குறையாமல் எழுதும் என்று உத்தரவாதம். யு3-யும் அதே 30தான். படங்களுக்கும் சாதாரண 4கே வீடியோவுக்கும் அது போதும். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 170, 200 எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம்.

போலிக் கார்டு நிறையப் புழங்குகிறது. நான் ஒரு முறை 128 ஜிபி என்று வாங்கியது உண்மையில் அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மீதிப் படங்கள் எழுதுவது போல நடித்து மறைந்தன. நல்லவேளை, அது ஒரு காதுகுத்து, மாமா மடியில் உட்கார்ந்த படம் தப்பித்தது. புதுக் கார்டை வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அதுவும் பழைய படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமானபின். தெரியாமல் அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் கழற்றி வையுங்கள். மேலெழுதாதவரை மீட்க வாய்ப்புண்டு.

டூப்ளிகேட் பேட்டரி போட்டா கேமரா கெட்டுடுமா?

பெயர் சொல்லும்படியான தனிக்கம்பெனி பேட்டரி என்றால் பெரிதாகப் பயம் வேண்டாம். கம்பெனி ஸ்டிக்கரையே ஒட்டி ஏமாற்றும் போலியைத்தான் தவிர்க்கவேண்டும். உப்ப ஆரம்பித்த பேட்டரியை அன்றே ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் கேமராவுக்குள் சிக்கி வெளியே வராது. பல மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றித் தனியாக வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். விமானத்தில் போகும்போது உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது.

கேமரா கடல் தண்ணியில விழுந்துடுச்சு. அரிசி மூட்டையில போட்டிருக்கேன், எத்தனை நாள் வைக்கணும்?

இப்போதே வெளியே எடுங்கள். "வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்யாதீர்கள், அதில்தான் பாதிக் கேமராக்கள் சாகின்றன. பேட்டரி, கார்டு, லென்ஸ் மூன்றையும் கழற்றுங்கள். நல்ல தண்ணீர் என்றால் துணியில் ஒற்றி, மின்விசிறி அடியில் வைத்துவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோகலாம். கடல்நீர் அப்படியில்லை. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கித் தாமிரத்தை அரித்துக்கொண்டே இருக்கும், நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில். அன்றே பிரித்துச் சுத்தம் செய்பவரிடம் கொடுத்தால்தான் ஏதாவது நம்பிக்கை. ஹேர் டிரையரும் வேண்டாம், சூடு பசைகளை இளக்கிவிடும். கரையோரத்தில் வெறும் தெறிப்பு பட்டது என்றால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்றிரவே துடைத்தால் போதும். டிரைபாட் கால்களையும் மறக்காதீர்கள்.

கிரகணத்தை என்டி ஃபில்டர் போட்டு எடுக்கலாமா? ரிசப்ஷன்ல லேசர் லைட் அடிக்கறாங்களே, அது?

2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போனபோது இதையே பத்துப் பேர் கேட்டார்கள். அருவியை எடுக்க வைத்திருக்கும் என்டி 1000 ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். சூரியனுக்கு லட்சத்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்கென்றே உள்ள சோலார் ஃபில்டரை லென்ஸின் முன்பக்கம் மாட்டவேண்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னும் கவனம், அந்த வ்யூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது நிஜச் சூரியனை.

லேசர் அதைவிட நயவஞ்சகம். ஒரு நொடி நேராக லென்ஸுக்குள் அடித்தாலே சென்சாரில் கோடோ புள்ளியோ நிரந்தரமாக விழலாம். மிரர்லெஸ்ஸில் சென்சார் எப்போதும் திறந்தே இருப்பதால் ஆபத்து கூடுதல். லேசர் இருக்கிறதா என்று டிஜேவிடம் முன்கூட்டியே கேட்டு, அது ஓடும் நேரத்தில் லென்ஸை மூடிவிட்டு நானும் கொஞ்சம் ஆடிவிட்டு வருவேன்.

அப்பா ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. அவரோட பழைய லென்ஸும் ஃப்ளாஷும் இருக்கு. புதுக் கேமராவுல மாட்டலாமா?

லென்ஸை மாட்டலாம், ஃப்ளாஷை அப்படியே மாட்டாதீர்கள். ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ்கள் சிலவற்றில் ஹாட் ஷூ முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கேமராவின் சர்க்யூட்டை அது ஒரே வெட்டில் முடித்துவிடும். ஃப்ளாஷை ஆன் செய்து, சார்ஜ் ஏறியபின் அடிப்பக்கத்து நடு முனைக்கும் பக்கவாட்டு முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், கை படாமல். சில வோல்ட்டுகள்தான் காட்டுகிறது என்றால் மாட்டலாம். இல்லையென்றால் அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

லென்ஸ் திருகி மாட்டும் எம்42 வகை என்று வைத்துக்கொள்வோம். அது சென்சாரிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்கவேண்டும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் அந்த இடைவெளி இதைவிடக் குறைவு என்பதால் அடாப்டர் போட்டுச் சரிக்கட்டிவிடலாம். கேனான் டிஎஸ்எல்ஆரிலும் 44தான், சரியாகிவிடும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் 46.5. கூடுதலான அந்த ஒரு மில்லிமீட்டரால் தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. ஃபோகஸை எப்படியும் கையால்தான் திருப்பவேண்டும், அபெர்ச்சரும் லென்ஸிலேயே. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சில பாடிகள் அடிக்க மறுக்கும்.

மாட்டுவதற்கு முன் மறக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்பாவின் லென்ஸ் எத்தனை வருஷம் அந்த பீரோவில் இருந்ததோ.